கிரிஸ்டல் வயலட் – காரம் வினை: அளவீடு பிசகினால் எங்கே தேடுவது

கிரிஸ்டல் வயலட் சாயத்தின் ஊதா நிறம் சோடியம் ஹைட்ராக்சைடில் மெல்ல மங்கி மறையும். அந்த மங்கலை ஒளி உட்கவர்வாக அளந்து, வினை வகை (வேகம் செறிவின் எத்தனையாவது அடுக்கைச் சார்கிறது என்பது), வேக மாறிலி, கிளர்வு ஆற்றல், என்ட்ரோபி வரை கணக்கிடுவது இளங்கலை ஆய்வகங்களில் வழக்கமான சோதனை. வினை எளிது. ஆனால் எண்கள் அடிக்கடி பிசகும். பிசகியதும் பலர் கணக்கைத் திரும்பப் போடுகிறார்கள். பிழை பெரும்பாலும் கணக்கில் இருப்பதில்லை. இந்தச் சோதனை மூன்று விஷயங்களை நம்பி நிற்கிறது: வினை முழுவதும் ஹைட்ராக்சைடு செறிவு மாறவில்லை, கருவி காட்டும் உட்கவர்வு சாயச் செறிவுக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது, கரைசலை வைத்து அளக்கும் சிறு கலமான கியூவெட்டுக்குள் உள்ள வெப்பநிலை உங்களுக்குத் தெரியும். எந்த அறிகுறி தெரிந்தாலும், இந்த மூன்றில் எது உடைந்தது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

சரியான ஓட்டம் எப்படி இருக்கும்

ஒப்பிட ஒன்று கையில் இல்லாமல் பிழை தேட முடியாது. ஆகவே முதலில் அளவுகள்.

கிரிஸ்டல் வயலட்டின் மோலார் நிறை 407.98 கிராம். 102 மி.கி. எடுத்து 250 மி.லி. திட்டக்குடுவையில் கரைத்தால் 0.0010 மோலார். அதில் 10 மி.லி. எடுத்து 500 மி.லி. ஆக்கினால் 2.0 × 10⁻⁵ மோலார். இதையும் 0.020 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடையும் சம கன அளவில் கலந்தால், கலவையில் சாயம் 1.0 × 10⁻⁵ மோலார், காரம் 0.010 மோலார். காரம் ஆயிரம் மடங்கு மிகுதி. சாயம் முழுக்கத் தீர்ந்தாலும் காரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் செலவாகும். போலி முதல் வகை, அதாவது வேகம் சாயச் செறிவை மட்டும் சார்வது போல நடக்கும் வினை, என்று சொல்ல நமக்கு உரிமை தருவது இந்த மிகுதிதான்.

590 நானோமீட்டருக்கு அருகில் அளந்தால், 1 செ.மீ. கியூவெட்டில் தொடக்க உட்கவர்வு 0.85ஐ ஒட்டி வரும். 25 °செ வெப்பநிலையில், வேறு உப்பு சேர்க்காத நிலையில், அரைவாழ்காலம் ஏறத்தாழ 6 நிமிடம். காணும் வேக மாறிலி நொடிக்கு 0.002 அளவு. அதைக் காரச் செறிவால் வகுத்தால் இரண்டாம் வகை மாறிலி 0.2 மோலார்⁻¹ நொடி⁻¹ அளவில் நிற்கும். கிளர்வு ஆற்றல் மோலுக்கு 60 கி.ஜூலை ஒட்டி வரும். அந்தக் கணக்கில் 15 °செயில் அரைவாழ்காலம் 14 நிமிடம், 35 °செயில் 3 நிமிடத்துக்கும் குறைவு.

இந்த எண்களிலிருந்து 10 விழுக்காடு விலகினால் கவலை வேண்டாம். இரண்டு மடங்கு விலகினால் கீழே தேடுங்கள்.

அறிகுறி: மடக்கை வரைபடம் நேர்கோடாகத் தொடங்கி, கடைசியில் படுத்துவிடுகிறது

உட்கவர்வின் இயல் மடக்கையை நேரத்துக்கு எதிரே வரைந்தால் முதல் வகை வினைக்கு நேர்கோடு வர வேண்டும், அதன் சாய்வே மாறிலி. மிக அதிகமாகக் காணும் அறிகுறி இது. காரணம், முடிவிலா நேர உட்கவர்வைக் கழிக்காமல் விட்டது. வினை முடிந்த பின்னும் கருவி சுழியைக் காட்டாது. கியூவெட் சுவரில் ஒட்டிய சாயம், கரைசலின் லேசான கலங்கல், கருவியைச் சுழியாக்கும் வெற்றுக் கரைசலாகக் காரத்துக்குப் பதில் வெறும் தண்ணீரை வைத்தது என ஏதோ ஒன்று 0.01 அல்லது 0.02ஐ மிச்சம் வைக்கும்.

0.02 சிறிய எண் போலத் தெரியும். தொடக்க உட்கவர்வு 0.87 என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். மூன்று அரைவாழ்காலம் கழிந்ததும் உண்மையில் மிஞ்சியது 0.106. கருவி காட்டுவது 0.126. முதல் புள்ளியையும் இந்தப் புள்ளியையும் இணைத்துச் சாய்வு எடுத்தால் மாறிலி 7 விழுக்காடு குறைந்து வரும். ஐந்து அரைவாழ்காலம் வரை போனால் 16 விழுக்காடு. நீண்ட நேரம் அளந்தால் துல்லியம் கூடும் என்று நம்பி ஓட்டத்தை நீட்டுபவர்கள் பிழையைத்தான் நீட்டுகிறார்கள்.

சரிசெய்ய, அதே கலவையை மூடி வைத்து பத்து அரைவாழ்காலம் கழித்து அளந்து, அந்த மதிப்பை ஒவ்வொரு அளவீட்டிலிருந்தும் கழித்த பிறகே மடக்கை எடுங்கள். 0.010 மோலார் காரத்துக்கு அது ஒரு மணி நேரம். நேரமில்லை என்றால் குகன்ஹைம் முறை உதவும். இரண்டு, மூன்று அரைவாழ்கால இடைவெளி ஒன்றை நிலையாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நேரத்து உட்கவர்விலிருந்தும் அந்த இடைவெளிக்குப் பின் வந்த உட்கவர்வைக் கழித்து, வித்தியாசத்தின் மடக்கையை நேரத்துக்கு எதிரே வரையுங்கள். முடிவிலா மதிப்பு தானாகவே நீங்கிவிடும், சாய்வு அதே மாறிலியைத் தரும்.

இரண்டும் செய்த பிறகும் வளைவு நின்றால் சாயப் புட்டியைப் பாருங்கள். மருந்துக் கடை ஜென்ஷன் வயலட்டில் மெத்தில் தொகுதி குறைந்த உறவுச் சாயங்களும் கலந்திருக்கும். ஒவ்வொன்றும் வெவ்வேறு வேகத்தில் மங்கும். இரண்டு அடுக்குக்குறிச் சரிவுகள் சேர்ந்தால் ஒரே நேர்கோடு கிடைக்காது. உச்ச அலைநீளம் 590க்கு வெகுவாகக் கீழே இருந்தால் இதைச் சந்தேகிக்கலாம். நுண்ணுயிரியல் ஆய்வகத்தின் கிராம் சாயக் கரைசலை எடுத்துப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. சாயம் தூயதாக இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். அதிலுள்ள எத்தனாலும் அம்மோனியம் ஆக்சலேட்டும் பயமுறுத்தும். ஆனால் 10⁻⁵ மோலாருக்கு நீர்க்கும்போது அந்தக் கரைசல் ஐயாயிரம் மடங்கு அளவில் நீர்த்துப்போகிறது. மிஞ்சும் அம்மோனியம் 0.010 மோலார் காரத்துக்கு முன் ஒன்றுமே இல்லை.

அறிகுறி: தொடக்கத்தில் கோடு தட்டையாக இருந்து பிறகு செங்குத்தாகிறது

முந்தையதற்கு நேர் எதிர். நேரம் போகப் போக வினை வேகம் கூடுவது போலத் தெரியும். இங்கே உடைந்தது நேர்விகிதம். சாயம் அதிகமாக இருக்கிறது, கருவியால் அதை அளக்க முடியவில்லை.

கருவிக்குள் அலைந்து திரியும் வேற்றொளி அரை விழுக்காடு இருந்தாலே, உண்மையில் 2.00 உள்ள உட்கவர்வு 1.83 என்று தெரியும். 1.00 உள்ளது 0.98 என்று தெரியும், அது பொறுத்துக்கொள்ளக்கூடியது. ஆகவே தொடக்க உட்கவர்வு 1.0க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வடிகட்டி வைத்த நிறமானியில் வரம்பு இன்னும் குறுகல். வடிகட்டி ஒரே அலைநீளத்தை விடாமல் ஒரு பட்டையையே விடுகிறது. அந்தப் பட்டை உச்சியில் விழாமல் உச்சியின் சரிவில் விழுந்தால், செறிவு கூடக் கூட உட்கவர்வு பின்தங்கும். 2, 4, 6, 8, 10 மைக்ரோமோலார் என ஐந்து கரைசல் செய்து, காரம் சேர்க்காமல், அளவுத்திருத்தக் கோடு போட்டுப் பாருங்கள். அது வளைந்தால் எந்த மடக்கை வரைபடமும் வளையும். நேராக உள்ள பகுதிக்குள் சாயத்தைக் குறைத்துக்கொள்வதே வழி.

வெப்பநிலையும் இதே வளைவைத் தரும். குளிர்ந்த கரைசல்களைக் கலந்து, சூடான கியூவெட் தாங்கியில் வைத்தால், முதல் இரண்டு நிமிடம் கரைசல் சூடாகிக்கொண்டே இருக்கும், வேகமும் ஏறிக்கொண்டே இருக்கும். எது காரணம் என்று பிரித்தறிய, சாயத்தைப் பாதியாகக் குறைத்து மறுபடி ஓட்டுங்கள். வளைவு மறைந்தால் குற்றம் ஒளியுடையது. அப்படியே நின்றால் வெப்பநிலையுடையது.

அறிகுறி: ஒரே கரைசல், ஒரே நாள், ஆனால் மாறிலி ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுகிறது

25 °செக்கு அருகில் ஒரு டிகிரி மாறினால் மாறிலி 8 விழுக்காடு மாறும். மின்விசிறி, சன்னல் வெயில், கருவி விளக்கின் சூடு எல்லாம் சேர்ந்து இரண்டு டிகிரியை எளிதாக நகர்த்திவிடும். கோடையில் அறை 33, 34 °செயில் இருக்கும்போது "அறை வெப்பநிலை, 25 °செ" என்று பதிவேட்டில் எழுதினால், மாறிலி இரு மடங்காக வந்ததற்கு வேறு காரணம் தேடவே வேண்டாம். வெப்பமானியை நீர்த்தொட்டியில் வைக்காமல், ஓட்டம் முடிந்ததும் கியூவெட்டுக்குள்ளேயே வைத்து அளந்து எழுதுங்கள்.

வெப்பநிலை நிலையாக இருந்தும் சிதறினால் பாத்திரங்களைச் சந்தேகியுங்கள். கண்ணாடியில் மிஞ்சிய சலவைத்தூள் இந்த வினையில் சும்மா இருக்காது. எதிர்மின் தலை கொண்ட சோப்பு வகைகள், சோடியம் டோடெசில் சல்பேட் போல, சாய அயனியைத் தம்மிடம் இழுத்துவைத்து ஹைட்ராக்சைடை எட்ட நிறுத்தும், வினை மெதுவாகும். நேர்மின் தலை கொண்ட சீடைல் ட்ரைமெத்தில் அம்மோனியம் புரோமைடு போன்றவை ஹைட்ராக்சைடைச் சுற்றிலும் திரட்டிவைக்கும், வினை விரைவாகும். வாலை வடிநீரில் மூன்று முறை அலசுவதோடு, கடைசியில் அளவிடப்போகும் கரைசலாலேயே ஒரு முறை அலசுங்கள்.

அறிகுறி: காரம் சேர்க்காமலேயே உட்கவர்வு குறைகிறது

வெறும் சாயக் கரைசலை கியூவெட்டில் இருபது நிமிடம் விட்டுப் பாருங்கள். 0.01க்கு மேல் இறங்கினால் சாயம் சுவருக்குப் போகிறது. கிரிஸ்டல் வயலட் நேர்மின் அயனி. கண்ணாடியின் மேற்பரப்பு நீரில் எதிர்மின்னேற்றம் கொண்டது. இரண்டும் ஒட்டும். பாலிஸ்டைரின் கியூவெட்டும் ஊதாவாகக் கறை பிடிக்கும். 10⁻⁵ மோலார் போன்ற நீர்த்த கரைசலில் இந்த இழப்பு அளவீட்டையே பாதிக்கும் அளவுக்கு வரும். நீர்த்த சாயக் கரைசலை வாரக்கணக்கில் கண்ணாடிப் புட்டியில் வைத்திருந்து அளந்தால் தொடக்க உட்கவர்வு எதிர்பார்த்ததைவிடக் குறைவதும் இதனால்தான்.

நல்ல செய்தி, முதல் வகை வினையில் தொடக்கச் செறிவு தெரியாவிட்டாலும் மாறிலி கெடாது. கெடுப்பது, ஓட்டம் நடக்கும்போதே தொடர்ந்து நடக்கும் ஒட்டுதல். கியூவெட்டை முதலில் சாயக் கரைசலால் நிரப்பி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, பிறகு அளவிடத் தொடங்குங்கள். ஓட்டங்களுக்கு இடையே எத்தனாலால் கழுவுங்கள். விடாத கறைக்கு 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அமிலத்தில் கழுவினால் பிறகு நன்றாக அலசியாக வேண்டும். ஒரு சொட்டு மிஞ்சினாலும் அடுத்த ஓட்டத்தின் காரத்தைத் தின்னும்.

அறிகுறி: ஹைட்ராக்சைடைப் பொறுத்த வினை வகை 1க்குப் பதில் 0.85, 0.9 என்று வருகிறது

எங்கள் கருத்தில் இந்தச் சோதனையிலேயே மிகவும் கற்றுத் தரும் பிழை இதுதான். கரைசல் சரி, கருவி சரி, வெப்பநிலை சரி. ஆனாலும் காரத்தை ஐந்து மடங்காக்கினால் வேகம் நான்கு மடங்குதான் ஆகிறது. பலர் இதை "சோதனைப் பிழை" என்று எழுதி 1 என்று முழுமைப்படுத்திவிடுகிறார்கள். அது பிழையே அல்ல, வேதியியல்.

நேர்மின் சாய அயனியும் எதிர்மின் ஹைட்ராக்சைடும் சந்திக்க வேண்டும். கரைசலில் அயனிகள் கூடக் கூட, ஒவ்வொன்றையும் சுற்றி எதிர் மின்னூட்ட அயனிகளின் திரை தடிக்கும், இரண்டுக்கும் இடையிலான ஈர்ப்பு தளரும், வினை மெதுவாகும். காரத்தைக் கூட்டும்போது நீங்கள் ஹைட்ராக்சைடை மட்டும் கூட்டவில்லை, கரைசலிலுள்ள எல்லா அயனிகளின் மொத்த அளவைக் குறிக்கும் அயனி வலிமையையும் கூட்டுகிறீர்கள். பிரான்ஸ்டெட்–பியெரம் உறவின்படி 25 °செயில் மாறிலியின் பத்தடி மடக்கை, 1.02 × √அயனி வலிமை ÷ (1 + √அயனி வலிமை) என்ற அளவு குறையும். 0.01 மோலாரில் இது 0.093. 0.05 மோலாரில் 0.186. வித்தியாசம் 0.093, அதாவது மாறிலி 0.81 மடங்காகச் சுருங்கும். ஐந்து மடங்குக் காரத்துக்கு வேகம் 5 × 0.81, ஏறத்தாழ 4. அதிலிருந்து வினை வகை கணக்கிட்டால் 0.87 வருகிறது. நீங்கள் கண்ட எண் அதுதானே?

தீர்வு, அயனி வலிமையைக் கட்டிப்போடுவது. 0.20 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடும் 0.20 மோலார் சோடியம் குளோரைடும் தயாரியுங்கள். 10 மி.லி. காரத்தோடு 90 மி.லி. உப்பு, 20க்கு 80, 30க்கு 70, 40க்கு 60 என்று கலந்து நான்கு 100 மி.லி. கரைசல்கள். ஒவ்வொன்றையும் சாயக் கரைசலோடு சம அளவில் கலந்தால் காரம் 0.010, 0.020, 0.030, 0.040 மோலார் என ஏறும். அயனி வலிமை எல்லாவற்றிலும் 0.10 மோலாரில் நிற்கும். மாறிலி இப்போது உப்பில்லாத ஓட்டத்தைவிடக் குறைவாக, 0.14 அளவில் வரும், 0.010 மோலாரில் அரைவாழ்காலம் 8 நிமிடமாகும். அது இயல்பு. வினை வகை 1க்குத் திரும்பியிருக்கும்.

காணும் மாறிலியைக் காரச் செறிவுக்கு எதிரே வரைந்தால் கோடு ஆதிப்புள்ளிக்கு அருகே போக வேண்டும். கோடு நேராக இருந்தும் வெட்டுத்துண்டு தெளிவாக எதிர்மறையில் விழுந்தால், ஒவ்வொரு கலவையிலும் ஒரே அளவு காரம் காணாமல் போகிறது: சாயக் கரைசலில் அமிலம் இருக்கிறது. சாயம் கெடாமலிருக்க அமிலம் சேர்த்துத் தயாரித்த கரைசல் என்றால் இது நிச்சயம். வெட்டுத்துண்டு சரியாக இருந்து சாய்வு மட்டும் குறைந்தால், காரம் விகிதப்படி குறைகிறது. அது அடுத்த அறிகுறி.

ஃபினால்ஃப்தலீன் மங்குவதை இதே முறையில் அளப்பவர்கள் கவனிக்க: அங்கே சாயம் இரட்டை எதிர்மின் அயனி. இரண்டு எதிர்மின் அயனிகள் சந்திப்பதால் உப்பு வேகத்தைக் கூட்டும். வினை வகை 1க்கு மேல் போவது போலத் தோன்றும். மலக்கைட் பச்சையில் விளைவின் திசை கிரிஸ்டல் வயலட் போலவே, ஆனால் வினை ஏறத்தாழ பத்து மடங்கு விரைவு. 0.010 மோலார் காரத்தில் அதைக் கையால் கலந்து அளக்க நேரம் கிடைக்காது, 0.001க்கு இறங்குங்கள்.

அறிகுறி: எல்லா மாறிலியும் ஒரே விகிதத்தில் குறைவு

சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் காற்றிலிருந்து நீரையும் கார்பன் டைஆக்சைடையும் உறிஞ்சும். லிட்டருக்கு 4.0 கிராம் நிறுத்து 0.100 மோலார் என்று எழுதினால் அது விருப்பம்தான், செறிவு அல்ல. பொட்டாசியம் ஹைட்ரஜன் ஃப்தலேட்டைக் கொண்டு தரம் பாருங்கள்: 0.408 கிராம் ஃப்தலேட்டுக்கு 0.100 மோலார் காரம் சரியாக 20.0 மி.லி. போக வேண்டும்.

ஆனால் தரம் பார்த்தும் தப்பும் ஓட்டை ஒன்று உண்டு. ஒரு கார்பன் டைஆக்சைடு மூலக்கூறு இரண்டு ஹைட்ராக்சைடைத் தின்று ஒரு கார்பனேட்டைத் தருகிறது. ஃபினால்ஃப்தலீன் முடிவுப்புள்ளியில் அந்தக் கார்பனேட் பைகார்பனேட்டாகும் வரை அமிலத்தை ஏற்கும், ஒரு ஹைட்ராக்சைடு போலவே கணக்கில் வரும். ஆகவே பியூரெட் காட்டுவது உண்மை ஹைட்ராக்சைடைவிட அதிகம். சிறிது காரத்தில் சில துளி பேரியம் குளோரைடு விட்டுப் பாருங்கள். வெண்மையாகக் கலங்கினால் கார்பனேட் இருக்கிறது. பேரியம் உப்பு நச்சு, கழிவைத் தனியே வையுங்கள். புதிதாகச் செய்ய, 50 விழுக்காடு காரக் கரைசல் ஒன்றை பாலித்தீன் புட்டியில் வைத்துத் தெளியவிடுங்கள். அந்தச் செறிவில் சோடியம் கார்பனேட் கரையாமல் அடியில் தங்கும். மேல்தெளிவைக் கொதிக்கவைத்து ஆறிய வாலை வடிநீரில் நீர்த்தால் சுத்தமான காரம். 0.02 மோலார் போன்ற நீர்த்த காரத்தை அன்றன்றைக்குச் செய்து மூடி வையுங்கள். திறந்த பீக்கரில் ஒரு பிற்பகல் கிடந்ததை அளக்காதீர்கள்.

அறிகுறி: கிளர்வு ஆற்றல் 60க்குப் பதில் 45, 50 என்று வருகிறது

கியூவெட் வெப்பநிலை நீர்த்தொட்டி வெப்பநிலை அல்ல. 15 °செ தொட்டியிலிருந்து எடுத்த கரைசல் கருவிக்குள் 17ஐத் தொடும், 35இலிருந்து எடுத்தது 33க்கு இறங்கும். நீங்கள் 20 டிகிரி இடைவெளி என்று கணக்கிடுவது உண்மையில் 16 டிகிரி. கிளர்வு ஆற்றல் அதே விகிதத்தில், 60இலிருந்து 48க்குச் சரியும். இந்தப் பிழைக்கு ஒரே திசைதான்: இரு முனையும் அறை வெப்பநிலையை நோக்கி நெருங்கும், ஆற்றல் எப்போதும் குறைவாகவே வரும். 60க்கு மேல் வந்தால் காரணம் வேறு.

நீர் சுற்றும் தாங்கி இருந்தால் கியூவெட்டையும் அதில் வைத்தே பத்து நிமிடம் பழக்குங்கள். இல்லையென்றால் குவளையில் பெருமளவு வினைக்கலவையைத் தொட்டியிலேயே வைத்து, நேரத்துக்கு நேரம் சிறிது எடுத்து உடனே அளந்து கொட்டிவிடுங்கள். அளக்கும் பத்து விநாடியில் சாயம் பெரிதாக மாறாது. வினை நடப்பது தொட்டியின் வெப்பநிலையில்.

குறைந்த வெப்பநிலையில் ஈரக்காற்று கியூவெட்டின் வெளிச்சுவரில் பனிக்கும், உட்கவர்வு திடீரென உயரும். துடைத்துவிட்டு அளவிடுங்கள், இல்லையேல் 20 °செக்குக் கீழே இறங்காதீர்கள். 40 °செக்கு மேல் கரைந்த காற்று குமிழாக வெளிவந்து சுவரில் ஒட்டும், எண்கள் துள்ளும். நீரைக் கொதிக்கவைத்து ஆற்றிப் பயன்படுத்தினால் இதுவும் தீரும்.

அறிகுறி: கிளர்வு ஆற்றல் சரி, கிளர்வு என்ட்ரோபி மட்டும் விசித்திரம்

இங்கே மட்டும் கணக்கைச் சந்தேகியுங்கள். கிளர்வு ஆற்றல் சாய்விலிருந்து வருகிறது. மாறிலியை எந்த அலகில் எழுதினாலும் சாய்வு மாறாது. என்ட்ரோபி வெட்டுத்துண்டிலிருந்து வருகிறது. அலகு மாறினால் அதுவும் மாறும். மாறிலியிலிருந்து கிளர்வு என்தால்பியையும் என்ட்ரோபியையும் தரும் ஐரிங் சமன்பாடு கேட்பது நொடி. மாறிலி 0.2 மோலார்⁻¹ நொடி⁻¹, கிளர்வு ஆற்றல் 60 என்று எடுத்தால், என்தால்பி 57.5 கி.ஜூல், கட்டிலா ஆற்றல் 77 கி.ஜூல், என்ட்ரோபி −65 ஜூல் மோல்⁻¹ கெல்வின்⁻¹ என்ற அளவில் அமையும். இரண்டு துகள் சேர்ந்து ஒன்றாவதால் எதிர்க்குறி பொருத்தமே.

உங்கள் விடை இதைவிட 34 அலகு மேலே, −31 என்று வந்தால், மாறிலியை நிமிடத்தில் போட்டிருக்கிறீர்கள்: 8.314 × இயல் மடக்கை 60 என்பது 34. விடை 38 அலகு கீழே, −103 என்று வந்தால், 0.010 மோலார் காரத்தின் காணும் மாறிலியை வகுக்காமல் அப்படியே போட்டிருக்கிறீர்கள்: 8.314 × இயல் மடக்கை 0.01 என்பது −38. வெப்பநிலையை செல்சியஸில் போட்டிருந்தால் வரைபடமே வளைந்து காட்டிக்கொடுக்கும்.

அறிகுறி: சமநிலை மாறிலி அளப்பவருக்கு அளப்பவர் மாறுகிறது, என்தால்பி பொருந்தவில்லை

வினை ஒருவழிப் பாதை அல்ல. சாய அயனியும், அதில் ஹைட்ராக்சைடு சேர்ந்து உருவாகும் நிறமற்ற கார்பினாலும் சரிபாதியாக இருக்கும் பி.எச். மதிப்பு கிரிஸ்டல் வயலட்டுக்கு 9.4 அளவு. அதிலிருந்து ஹைட்ராக்சைடு சேரும் வினையின் சமநிலை மாறிலி 4 × 10⁴ அளவில் வருகிறது, திட்டக் கட்டிலா ஆற்றல் மாற்றம் மோலுக்கு −26 கி.ஜூலை ஒட்டி. 0.010 மோலார் காரத்தில் மிஞ்சும் ஊதா நானூறில் ஒரு பங்கு அளவுதான். 0.001 மோலாரில் 2 விழுக்காடு மிஞ்சும். நீர்த்த காரத்தில் நிறம் முழுக்கப் போகவில்லை என்றால் அது சமநிலை, கெட்ட காரம் அல்ல.

சமநிலையை அளக்க பி.எச். 9க்கும் 10க்கும் இடையே தாங்கல் கரைசல் வேண்டும். அங்கே வினை மணிக்கணக்கில் நகரும். மதிய உணவுக்கு முன் அளந்தவருக்கும் மாலையில் அளந்தவருக்கும் வேறு எண் வருவதில் வியப்பில்லை. ஒரு நாள் மூடி வைத்து அளந்து, மறுநாளும் அதே எண் வருகிறதா என்று பாருங்கள். அதைவிட உறுதியான சோதனை, இரு பக்கமிருந்தும் வருவது: ஒரு குடுவையில் ஊதாச் சாயத்தைத் தாங்கலில் விடுங்கள், இன்னொன்றில் காரத்தில் நிறமிழந்த கரைசலை அதே பி.எச்.சுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டும் ஒரே உட்கவர்வில் சந்தித்தால் அதுதான் சமநிலை.

வெப்பநிலையை மாற்றி என்தால்பி எடுக்கும்போது ஒரு பொறி உண்டு. பி.எச். மதிப்பிலிருந்து ஹைட்ராக்சைடைக் கணக்கிட 14ஐப் பயன்படுத்துவது 25 °செக்கு மட்டுமே சரி. 35 °செயில் அது 13.68, 40 °செயில் 13.53. நாற்பதில் 14 என்று வைத்தால் ஹைட்ராக்சைடு மூன்றில் ஒரு பங்காகத் தெரியும், சமநிலை மாறிலி மூன்று மடங்காக வீங்கும். விளைவாக, என்தால்பி மோலுக்கு 56 கி.ஜூல் நேர்க்குறிப் பக்கம் நகரும். நீர் அயனியாகும் என்தால்பி அப்படியே உங்கள் விடைக்குள் புகுந்துவிடுகிறது.

எல்லா அலைநீளங்களையும் ஒரே சமயத்தில் கரைசல் வழியே செலுத்தி அளக்கும் டையோடு வரிசைக் கருவியில் அளப்பவர்களுக்கு மட்டும் ஒரு சொல்: புற ஊதா விளக்கை அணைத்துவிடுங்கள். கார்பினால் புற ஊதாவை உட்கவர்ந்து ஹைட்ராக்சைடை உதறி மறுபடி ஊதாவாகும். அளக்கும் ஒளியே வினையைப் பின்னுக்கு இழுக்கும்.

அறிகுறி: மங்கிய கரைசலில் அமிலம் விட்டதும் ஊதா திரும்புகிறது

இது கோளாறு அல்ல. ஹைட்ராக்சைடு சாயத்தின் நடுக் கார்பனில் மட்டுமே சேர்கிறது. மூன்று வளையங்களையும் இணைத்திருந்த இணையுற்ற பிணைப்பு அங்கே அறுபடுவதால் நிறம் போகிறது. மூன்று வளையமும் ஆறு மெத்தில் தொகுதியும் அப்படியே இருக்கின்றன. அமிலம் ஹைட்ராக்சைடைப் பறித்தால் சாயம் மீளும். அமிலம் மிகுந்து பி.எச். 1க்கு இறங்கினால் ஊதா பச்சையாகும், இன்னும் வலுத்தால் மஞ்சளாகும். அதுவும் அதே சாயம்தான், நைட்ரஜன்களில் புரோட்டான் ஏறிய வடிவம். இந்தக் கார்பினாலை லூகோ வடிவம் என்று எழுதுவது குழப்பம் தரும். லூகோ என்பது நடுக் கார்பனில் ஹைட்ரஜன் சேர்ந்த ஒடுக்க வடிவம், வெறும் அமிலத்தில் அது ஊதாவாகாது.

ஆகவே சாயக் கழிவுநீரைக் காரத்தால் "சிதைத்தோம்" என்று அறிக்கையில் எழுதாதீர்கள். நிறம்தான் நீங்கியது, கரிமச் சுமை இம்மியும் குறையவில்லை. சோதனைக் கழிவைக் கையாளும்போதும் இதை நினைவில் வையுங்கள்: நடுநிலையாக்கினால் ஒரு மணி நேரத்திலோ மறுநாளோ வாளி ஊதாவாகும். நடுநிலையாக்கி, கிளர்வூட்டிய கரித்தூளை இட்டுக் கலக்கி, நிறம் ஏறாமல் ஒரு நாள் நிற்கிறதா என்று பார்த்து வடிகட்டுங்கள். கரித்தூளைக் கரிமக் கழிவுப் பெட்டியில் போடுங்கள், வடிநீரை மட்டும் வெளியே விடுங்கள்.